அழுத்துங்கம்மா

"அழுத்துங்கம்மா" என்று நான் சொன்னது அந்தப் பதிவில் தெளிவாகவே கேட்கிறது. அதற்கு முன்னால் 11 விநாடி யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம், அடுப்படியில் குக்கர் ஒரு விசில். அப்புறம் அந்த அம்மா கேட்கிறார், "இதை அழுத்தவா தம்பி?" நான் சொல்கிறேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்காக ஒன்றரை வருஷம் கழித்தும் ஒருவன் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து கேட்பானா என்றால், கேட்கிறேன்.

சொல்லியிருக்கக் கூடாது. யூசர் டெஸ்டிங்கில், அதாவது நாங்கள் கட்டியதை வெளியாட்கள் கையில் கொடுத்து எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிற சோதனையில், முதல் பாடமே அதுதான். வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். "இதையா?" என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆனால் அது ஆபீஸ். இது அவர்கள் வீட்டுக் கூடம். காபி கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகள் பக்கத்தில் நிற்க, என் அம்மா வயதில் ஒருவர் ஒரு பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும்.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "ஆடியில பத்திரிகை வைக்க மாட்டோம், அதனால இப்ப கை ஓய்வா இருக்கு" என்றுதான் என்னை வரச் சொன்னார். எங்கள் இணையதளத்தில் விருந்தினர் பட்டியலை ஏற்றி, அழைப்பை அனுப்பி, யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது வரை அவர் செய்ய வேண்டும். ஏற்றும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. பழைய மொய் நோட்டைப் பார்த்து எழுதிய பட்டியல். ஊர் வாரியாக, தெரு வாரியாக, பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் வீட்டு வழி ஒரு பக்கம். எங்கள் தளம் அதை வாங்கி அகர வரிசையில் அடுக்கிவிட்டது. சம்பந்தி வீட்டுக்குக் கீழே சைக்கிள் கடைக்காரர். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் குறித்துக்கொள்ளவில்லை.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பென்சிலில் ஓர் எண். 4, 2, சில இடங்களில் 2½. அரை என்ன கணக்கு என்று கேட்டேன்.

"கண்டிப்பா வர்றோம்னு அடிச்சுச் சொல்ற வீட்டுக்குப் பாதிதான் போடுவேன் தம்பி. பார்க்கலாம்னு இழுக்கிறவங்க வந்துருவாங்க. சமையல்காரர் இலை எத்தனைன்னுதான கேப்பாரு, ஆள் எத்தனைன்னா கேப்பாரு?"

அப்படியே கூட்டி 600 இலை என்று வைத்திருந்தார். நாங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து கட்டியது இதே வேலையைச் செய்யத்தான். எங்களுடையதில் மூன்று பொத்தான்: வருகிறேன், வர இயலவில்லை, பிறகு சொல்கிறேன்.

சரி, அழுத்தினார். சோதனை என்பதால் அழைப்பு மகளின் போனுக்குப் போனது. அதை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அதுவும் பதிவில் இருக்கிறது. "வரமாட்டேன்னு அழுத்துறதுக்கு ஒரு பொத்தானா குடுத்திருக்கீங்க? நல்ல காரியத்துக்கு வரலைன்னு வாயால யாரு சொல்லுவா?"

என் குறிப்பில் நான் எழுதியது: "பொத்தானின் சொற்களை மாற்றலாம்."

எப்படி இருக்கிறது என்று கடைசியில் கேட்டேன். அதைக் கேட்பதும் தப்புதான், அது வேறு விஷயம். "நல்லா இருக்கு தம்பி. காபி ஆறுது, குடிங்க."

மறுநாள் மீட்டிங்கில், சோதித்துப் பார்த்த ஐந்து பேரில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டார்கள். நான்கு என்றேன். முடிக்காத அந்த ஒருவர் ஒரு மண்டப மேனேஜர். பாதியிலேயே போனைக் கீழே வைத்துவிட்டு "எனக்கு டைரி போதும் சார்" என்றவர். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்றவர் தோல்விக் கணக்கில் போனார். மனசு நோகக் கூடாது என்று அழுத்தியவர் வெற்றிக் கணக்கில் வந்தார்.

சோதிக்க ஐந்து பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வோம். ஒருவரை வைத்துப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரென்றால் ஏறக்குறைய 85 சதவீதம் என்பது அவர் கணக்கு. அது குறையைக் கண்டுபிடிக்கச் சொன்னது. எத்தனை பேர் முடித்தார்கள் என்று மார்க் போட அல்ல. ஆகவே நான் மூன்று என்று சொல்லியிருந்தாலும் அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. தளம் திறக்கும் தேதியும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இதை எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளம் திறந்த பிறகு "வர இயலவில்லை"யைத் தயங்காமல் அழுத்தினவர்கள் இருந்தார்கள். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் லீவு கிடைக்காத பையன்கள். நேரில் சொல்லச் சங்கடப்படுவதற்கு இது மேல் என்று ஒருவன் எழுதியே அனுப்பினான். அப்படியானால் அந்த அம்மா சொன்னது தப்பா? அவர் மகளே காலேஜ் தோழிகளுக்கு எங்கள் தளத்தில்தான் அழைப்பு அனுப்பினாள். சொந்தக்காரர்களுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மா போனார். இரண்டும் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்த 11 விநாடியில் அவர் தேடியது பொத்தானை இல்லை, அனுப்பாமல் இருக்க ஒரு வழியை என்றுதான் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் படுகிறது. பொத்தான் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. நான் கொஞ்சம் பொறுத்திருந்தால் "இதை அனுப்ப எனக்கு மனசு வரலை தம்பி" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. இல்லை, குக்கரை இறக்க எழுந்து போயிருக்கவும் கூடும்.

ஆவணி பிறந்ததும் எனக்கும் போன் செய்து கூப்பிட்டார். முகூர்த்தம் புதன்கிழமை. அன்றைக்கு எங்கள் தளத்தில் அடுத்த ரிலீஸ், போக முடியாது என்று பேசும்போதே தெரியும்.

"கண்டிப்பா வர்றேம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லை. அப்புறம், "சரி தம்பி" என்றார். நோட்டு பக்கத்தில்தான் இருந்திருக்கும்.