சட்டைப்பையில் ஒரு கன்டென்சர்

அரசு மருத்துவமனை ஒன்றில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. இந்த வேலையில் எனக்கு அறிமுகமாகிறவர்கள் எல்லோருமே இறந்த பிறகுதான் அறிமுகமாகிறார்கள். அவர்கள் யார், எப்படி இருந்தார்கள் என்பதை வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

அந்தப் பையனுக்கு 17 வயது. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு சாயங்காலம் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது விபத்து. லைசென்ஸ் எடுக்கும் வயது இல்லை, தலையில் ஹெல்மெட்டும் இல்லை. சாவியைக் கொடுத்த மாமா ஐசியூ வாசலில் சுவரைப் பார்த்தபடியே நின்றார். மூன்று நாளும் உட்காரவே இல்லை. வீட்டில் பைக் வைத்திருக்கிறவர்கள் சாவியைக் கைக்கெட்டும் ஆணியில் மாட்டாதீர்கள் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில், மூளைச்சாவுதானா என்று பார்க்கும் முதல் பரிசோதனை நடந்தது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கருவிழியைப் பஞ்சால் தொடுவார்கள். காதுக்குள் குளிர்ந்த நீர் விடுவார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று கவனிப்பார்கள். எதற்கும் அசைவில்லை என்றால் கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு, தானாக மூச்சு எடுக்கிறானா என்று பார்ப்பார்கள். எட்டு, பத்து நிமிடம். ஐந்தாறு பேர் ஒரு பையனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்போம். எத்தனை முறை நின்றிருந்தாலும் அந்த நேரத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஒரு தடவை பார்த்தால் போதாது. குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, அதே பரிசோதனைகளை மறுபடியும் செய்து, நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அந்த ஆறு மணி நேரம்தான் எங்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நேரத்தை விளக்கம் சொல்லியே தீர்த்துவிடுவேன். கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்யும், இதில் செய்யாது, இனி திரும்பாது என்று படம் போட்டுச் சொல்வேன். தப்பில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் "நெஞ்சு ஏறி இறங்குதே மேடம், உடம்பு சுடுதே" என்று கேட்கிற அம்மாவுக்குப் படம் எந்த மூலைக்கு? இப்போது டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், தானத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்காமல், "தம்பியைப் பத்திச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் கேட்பேன்.

அவனுடைய அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். ஃபேன் கன்டென்சர். தீப்பெட்டி அளவில், இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டு, 2.5 என்று அச்சிட்டது. அவன் சட்டைப்பையில் இருந்ததாம். எதிர்வீட்டுப் பாட்டியின் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று, அதை வாங்கத்தான் டவுனுக்குப் போயிருக்கிறான்.

அங்கே ஆரம்பித்தது பேச்சு. ஏழாவது படிக்கும்போது வீட்டு மிக்சியைப் பிரித்துப்போட்டு அடி வாங்கினான். ஒன்பதாவதில் தெருவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். காசு வாங்க மாட்டான், முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வான். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் திருகாணி சேர்த்து வைத்திருந்தான். தங்கச்சி அதைக் கவிழ்த்துவிட்ட அன்று மட்டும் அழுதான். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். கணக்கில் ஃபெயில், இயற்பியலில் மட்டும் நல்ல மார்க். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் சேரப்போகிறேன் என்பான், அப்பா காலேஜ் என்பார். அந்தச் சண்டை முடியவே இல்லை. "நான் அவன் இஷ்டத்துக்கு விட்டிருக்கணும்" என்று அப்பா முதல் முறையாக வாய் திறந்தார்.

தானம் என்ற பேச்சை எடுத்ததே குடும்பத்தில் ஒரு பெரியவர்தான். "ஹிதேந்திரன்னு ஒரு பையன், ஞாபகம் இருக்கா?" என்றார். பல குடும்பங்களில் இந்தப் பெயர் தானாகவே வரும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் அருகே பைக் விபத்தில் சிக்கிய 15 வயதுப் பையன். பெற்றோர் இருவருமே டாக்டர்கள். அவன் இதயத்தை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காகச் சென்னையில் போலீஸ் சாலையைத் திறந்துவிட்டது. முகப்பேரில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு அதைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுப் பேச்சானது அதற்குப் பிறகுதான். எனக்கும் அப்போது அவனைவிட இரண்டு வயதுதான் கூடுதல். பேப்பரில் அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதது நினைவிருக்கிறது. இன்றைக்கு யோசித்தால், அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பையனைப் பற்றித் தெரியாது. அவனுக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை போடுவான், எதுவும் தெரியாது. அது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது பரிசோதனையும் முடிந்தது. 18 வயது ஆகாததால் பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு மட்டும் வேணாம் தங்கச்சி" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவிழியை மட்டும்தான் எடுப்பார்கள், முகம் மாறாது என்று எடுத்துச் சொல்லலாம். பல முறை சொல்லியிருக்கிறேன், சிலர் சம்மதித்தும் இருக்கிறார்கள். அன்று நான் சொல்லவில்லை. சரிக்கா என்று அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னும் இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்திருக்குமே என்று பிறகு ஒருவர் என்னிடம் கேட்டார். கிடைத்திருக்கும். ஆனாலும் அந்த அம்மாவிடம் அதற்கு மேல் ஒன்றைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

விபத்து வழக்கு என்பதால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் இருந்தன. இதயம் எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் அதிகபட்சம் ஆறுக்குள் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். அன்றிரவு முழுக்க என் போன் ஓயவில்லை. விடியற்காலையில் அவனைக் கொண்டுபோனார்கள். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்திருந்ததால், ஊருக்கு அதிகாரி வந்து மாலை வைத்தார். தெரு முழுக்கக் கூட்டமாம்.

யாருக்கு எது போனது என்று நாங்கள் சொல்லக் கூடாது. அந்த அம்மாவுக்கும் தெரியும். அவன் பிறந்த நாளன்று போன் செய்வார். "எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்தவரை சொல்வேன். பிறகு அவனைப் பற்றிப் பேச்சு போகும். ஒவ்வொரு முறையும் நான் கேட்காத ஒன்று வரும். பதிவேட்டில் வயது, ரத்த வகை, நேரம் எல்லாம் இருக்கிறது. இதை எழுத அங்கே இடமில்லை என்பதால் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் கன்டென்சரை மாமாதான் பாட்டி வீட்டு ஃபேனில் மாட்டினாராம். இந்த வருடம் போன் செய்தபோது அம்மா சொன்னார். பாட்டி ராத்திரியெல்லாம் அதை நிறுத்துவதே இல்லையாம், மார்கழியில்கூட.