கதவருகே தொங்கும் சிறு பை

எனக்கு அக்கா முறையான ஒருவர் கடந்த ஆண்டு இங்கே கனடாவின் ஸ்காபரோவில் தம் மகனை இழந்தார். அவனுக்கு வயது இருபத்து நான்கு. அதிகாலை இரண்டு மணியளவில் மகனின் அறையிலிருந்து பெரிய குறட்டைச் சத்தம் கேட்டதாகவும், களைத்துப்போய் உறங்குகிறான் என்று எண்ணி எழுப்பாமல் திரும்பிவிட்டதாகவும், விடிந்து பார்த்தபோது அறைக்கதவு உட்புறமாகப் பூட்டியிருந்ததாகவும் அவர் பின்னர் என்னிடம் சொன்னார். மரணச் சடங்குக்கு வந்தவர்களிடம் மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. நானும் அவ்வாறே பலரிடம் சொன்னேன்.

அந்தச் சத்தம் உறக்கத்தின் சத்தம் அல்ல. ஹெரோயின், ஃபென்டனில் போன்ற, ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் போதைப்பொருள்கள் அளவை மீறும்போது, மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மந்தமாகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து, எஞ்சியிருக்கும் கொஞ்ச மூச்சு அடைத்த வழியில் நுழைய முயலும்போது கரகரப்பாகவோ கொப்பளிப்பது போலவோ ஒலிக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் அல்லது சாம்பல் நிறமாகும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், உடல் குளிரும், தோளைப் பிடித்து உலுக்கினாலும் ஆள் அசையமாட்டார். இதயம் நிற்பது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்குமுன் கிடைக்கும் சில நிமிடங்களில் யாராவது பக்கத்தில் இருந்தால் உயிரைக் காப்பாற்ற முடியும்.

கனடாவில் 2016ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து ஓபியாய்டு நச்சால் இறந்தவர்களின் தொகை 50,000ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. இவர்கள் எல்லாரும் வீதியோரத்தில் விழுந்து கிடந்தவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இறந்தவர்களில் மிகப் பலர் வீட்டுக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால், தனியாக இறந்தவர்கள். மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்ட ஃபென்டனில் கலந்த தூளில், நேற்று எடுத்த அதே அளவு இன்று ஆளைக் கொன்றுவிடலாம். தனித்திருப்பவனுக்கு அங்கே இரண்டாவது வாய்ப்பு இல்லை.

அக்காவின் மகன் சிகிச்சை முடித்து வீடு திரும்பி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. குடும்பம் முழுவதும் கண்டம் கழிந்தது என்று ஆறுதலடைந்திருந்த வேளை அது. ஆனால் சில வாரங்கள் விட்டிருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களே மிக ஆபத்தானவை. இதை அந்த வீட்டுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மகனின் பழக்கத்தைப் பற்றி வெளியே வாய் திறக்க வெட்கப்பட்டதால், அவர்களும் யாரிடமும் கேட்கவில்லை.

சடங்கு முடிந்த இரண்டாம் வாரம் நான் பக்கத்து மருந்தகத்துக்குச் சென்று, ஓபியாய்டின் வேகத்தை முறித்து மூச்சைத் திருப்பித் தரும் நலோக்சோன் என்ற மருந்தைக் கேட்டேன். கேட்குமுன் பின்னால் தமிழர் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 முதல் மருந்தகங்களில் இது இலவசமாகக் கிடைக்கிறது. அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. மருந்தாளர் எதற்கென்று கேட்கவில்லை. ஜிப் வைத்த சிறு பையைத் திறந்து, மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும்போது இடையில் வைக்கும் மெல்லிய மறைப்பு என ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உரத்துக் கூப்பிட்டு உலுக்க வேண்டும். அசைவில்லை என்றால் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து, ஒரு மூக்குத் துளையில் மருந்தை முழுவதுமாக அழுத்த வேண்டும். மூச்சு கொடுக்கவோ மார்பை அழுத்தவோ வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் விழிக்காவிட்டால் இரண்டாவதை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தடவைக்கான மருந்தே இருப்பதால் சோதித்துப் பார்க்க அழுத்திவிடக் கூடாது என்பதையும், மாரிக் குளிரில் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது என்பதையும் இருமுறை சொன்னார். மருந்தின் வலு 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடலாம், அதன்பின் மூச்சு மறுபடி நிற்கக்கூடும். ஆகவே எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பொலிஸ் வருமே என்ற அச்சத்தில் அழைக்கத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், உதவி கேட்டு அழைப்பவர் மீதும் அங்கே இருப்பவர்கள் மீதும் சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டு வராமல் காக்கிறது. விற்பனைக் குற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பயமின்றிப் பாவிக்க மாட்டார்களா என்று உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். விட்டுவிட முழுமனதோடு முயன்ற ஒருவன்தான் எங்கள் வீட்டில் இறந்தான் என்பதே என் பதில். வன்கூவரில் 2003இல் இன்சைட் என்ற கண்காணிப்புடன் போதைப்பொருள் பாவிக்கும் நிலையத்தைத் தொடங்கியவர்கள் செய்ததும், பாவிப்பவரின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரை இருக்கச் செய்ததுதான். வீட்டில் அந்த ஒருவர் தாயாகவோ தம்பியாகவோ இருக்கலாம். அதற்குப் பாவிப்பவன் தன் தாயிடம் உண்மையைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கதவைப் பூட்டாமல் இருக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்தப் பை எங்கள் வாசற்கதவருகே, குளிரங்கிகள் மாட்டும் கொளுக்கியில் தொங்குகிறது. அக்கா ஒருநாள் வந்தபோது அதை எடுத்து, திறந்து, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எப்படிப் பிடிப்பது என்று கேட்டார், காட்டினேன். மகனின் ஆட்டைத் திவசத்துக்கு முன்பு இதை எழுதச் சொன்னவரும் அவரே. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் தடுமாறியபோது அவர் சொன்னார்:

“முதல்ல அந்தக் குறட்டையை எழுது பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு.”