புத்தகத்தை மூடிட்டு போன்ல சொல்லு

சுருக்கி எழுதச் சொன்னால் பிள்ளைகள் முதல் வரியில் பாதி, கடைசி வரியில் பாதி என்று வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். படித்தது புரிந்ததா என்று அதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்காட்டில் நான் மாலையில் பாடம் சொல்லித்தரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன வாரம் ஒரு பத்தி கொடுத்தேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்த கதை. படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, போனில் தமிழ்க் குரல் தட்டச்சைப் போட்டு, "வீட்ல பாட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றேன். ஒருத்தி சொன்னாள், "ஒரு வெள்ளக்காரரு காபிச் செடி கொண்டாந்தாரு, இப்ப எங்கப்பா அதுல காய் பறிக்கிறாரு". இரண்டாவது பாதி பத்தியிலேயே இல்லை, ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கிறது, எனக்கு அது போதும்.

அப்புறம்தான் வேலை. போன் முற்றுப்புள்ளியே வைக்காது, காக்பர்ன் பெயரை ஏதேதோ ஆக்கிவிடும், பேச்சுத் தமிழை அப்படியே கொட்டும். அதை நோட்டில் எழுத்துத் தமிழாக மாற்றி, சொற்களை எண்ணி, மூலப் பத்தியின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும். சொந்த வாக்கியம் என்பதால் வெட்டுவதற்குத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது. மழை நாளில் சிக்னல் போய்விட்டால், சரி, பக்கத்தில் இருப்பவன்தான் போன், அவன் கேட்டு எழுதுவான்.