முதலாளிக்கும் டைம்ஷீட் வேணும்: காஸ்ட் பிளஸ் கான்ட்ராக்ட்ல நான் பட்ட பாடு

ரெண்டு மாசம் இழுத்து, நேத்துதான் எங்க அக்கவுண்டிங் சிஸ்டம் ஓகேன்னு லெட்டர் வந்துச்சு. அமெரிக்கால, வர்ஜீனியால, 11 பேர் இருக்குற சின்ன கம்பெனி. எஸ்பிஐஆர்னு, சின்ன கம்பெனிங்களோட ஆராய்ச்சிக்கு அமெரிக்க கவர்ன்மென்ட் பணம் குடுக்குற திட்டத்துல எங்களுக்கு கான்ட்ராக்ட். முதல் கட்டம் ஃபிக்ஸ்ட் பிரைஸ், மணிக்கணக்கு யாரும் கேக்கல. ரெண்டாம் கட்டம் காஸ்ட் பிளஸ், அதாவது ஆன செலவோட லாபத்தையும் சேத்து கவர்ன்மென்ட் குடுக்கும்னு ஆனதும், அக்கவுண்டிங் சிஸ்டத்த சோதிக்குற எஸ்எஃப் 1408 ஃபார்மோட ஆடிட்டர் வந்துட்டாங்க.

லெட்ஜர், பேரோல் எல்லாம் அரை நாள்ல முடிஞ்சுது. மாட்டுனது என் சம்பளம். முதலாளின்னா ஜி அண்ட் ஏ, அதாவது கம்பெனிய நடத்துற பொதுச் செலவுன்னு புக்கீப்பர் முழுசா அங்க போட்டுட்டார், நானும் கவனிக்காம விட்டுட்டேன். ஆனா பாதி நேரத்துக்கு மேல நான் ப்ராஜெக்ட்டுக்கு கோட் எழுதுறேன், அதே வேலைய பண்ற என் பார்ட்னரோட நேரம் டைரக்ட் லேபர்ல, அதாவது நேரா ப்ராஜெக்ட் கணக்குல போகுது. ஒரே மாதிரி வேலை, எப்படி ஒண்ணு டைரக்ட் இன்னொண்ணு இன்டைரக்ட் (பொதுச் செலவு)னு கேட்டாங்க, பதில் இல்ல. ஃபார்ங்கற அமெரிக்க கவர்ன்மென்ட் கொள்முதல் விதிகள்ல 31.202 தடுக்குறதே இதைத்தான். நீங்க என்ன பதவிங்கறது முக்கியமில்ல, அந்த ஒரு மணி நேரம் எதுக்குப் போச்சுங்கறதுதான்.

சரி மாத்திடலாம்னு கேலண்டர பாத்து மூணு மாச டைம்ஷீட்ட ஒரே ராத்திரில எழுதிக் குடுத்தேன். தயவுசெஞ்சு யாரும் இத பண்ணாதீங்க. அன்னன்னைக்கு எழுதாத டைம்ஷீட்ட ஏத்துக்க முடியாதுன்னு திருப்பிட்டாங்க, அங்கதான் எங்களுக்கு ஒரு மாசம் போச்சு.

இன்னொண்ணு, 40 மணி நேரம் மட்டும் எழுதக்கூடாது. எத்தனை மணி உழைச்சாலும் வாரச் சம்பளம் 2500 டாலர், உழைச்சது 50 மணி, அதுல ப்ராஜெக்ட்டுக்கு 30 மணின்னு வைங்க. 40 தான்னு எழுதுனா ப்ராஜெக்ட் தலையில 1875 டாலர் விழும், 50-ம் எழுதுனா 1500 தான். வாரத்துக்கு 375 டாலர் கவர்ன்மென்ட்கிட்ட கூட வாங்குன கணக்கு ஆயிடும், சம்பளக்காரங்க இருக்குற எல்லாரும் இத பாத்துக்கோங்க.

அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு ப்ரொபோசல் எழுதுற நேரத்துக்கு தனி சார்ஜ் கோட் (நேரத்த எந்தக் கணக்குல ஏத்தணும்னு காட்டுற குறியீடு) வேணும், அத ஓடிட்டிருக்குற ப்ராஜெக்ட்ல ஏத்திடாதீங்க. லாபியிங்குக்கு (அரசாங்க முடிவ நம்ம பக்கம் திருப்ப ஆள் பிடிக்கிற வேலை) அன்அலவபிள், அதாவது கவர்ன்மென்ட்கிட்ட கேக்கக்கூடாத செலவுன்னு கோட் தனியா. லீவு ஃபிரிஞ்ச்ல (ஊழியர் சலுகைச் செலவுல). எது டைரக்ட் எது இன்டைரக்ட்னு ஒரு ரெண்டு பக்க பாலிசி எழுதி வைங்க, ரெண்டாவது தடவ ஆடிட்டர் வந்தப்ப முதல்ல கேட்டதே அதத்தான், எடுத்து நீட்டுனப்ப எனக்கு உயிரே வந்துச்சு.

இப்ப தினமும் சாயந்தரம் லேப்டாப்ப மூடுறதுக்கு முன்னாடி என் டைம்ஷீட்ட நானே போடுறேன், அப்ரூவ் பண்றது பார்ட்னர்.