திருப்பி வெட்டிய எழுத்து

தாத்தா மோதிரத்தில் இருப்பது கன்னட எழுத்து என்றுதான் எங்கள் வீட்டில் ரொம்ப வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். தாத்தா கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் புளி வியாபாரம் செய்தவர். சரக்கு பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் போகும். அங்கே யாரோ ஒரு மண்டிக்காரர் ஆசையாகப் போட்டுவிட்ட மோதிரம் என்று மாமா சொல்வார். ஆயா மட்டும், "அது உங்க தாத்தா கையெழுத்து" என்பார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

முக்கால் பவுன் எடை. முகப்பு நீள்வட்டம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பட்டை உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து தேய்ந்து கம்பி மாதிரி ஆகிவிட்டது. முகப்பில் ஆழமாக இரண்டு எழுத்துகள். முதலாவது எந்த மொழியிலும் சேராத ஒரு சுழி. இரண்டாவது பார்த்தால் நம் 'ப' மாதிரி இருக்கும். அந்தச் சுழிதான் கன்னடமாகிப்போனது.

நான் 2002-ல் தபால் துறையில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் சாயங்காலம் பை கட்டும் நேரம்தான் ஆபீஸில் பரபரப்பான நேரம். சாக்குப் பையின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் உருகிய அரக்கை ஊற்றி, பித்தளை முத்திரையை வைத்து அழுத்த வேண்டும். முத்திரையை முதலில் ஈரத்துணியில் ஒற்றிக்கொள்வோம், இல்லாவிட்டால் அரக்கு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் எழுத்து இழுபட்டுவிடும், தாமதித்தால் அரக்கு இறுகி எழுத்தே விழாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது. கை அதைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஆயா காலமான பிறகு அம்மா அந்த மோதிரத்தை என்னிடம் கொடுத்தார். கட்டைவிரல் தவிர வேறெந்த விரலிலும் நிற்கவில்லை, அதனால் நூல் சுற்றி நடுவிரலில் போட்டுக்கொண்டேன். ஒருநாள் பை கட்டி முடித்ததும் கரண்டியில் கொஞ்சம் அரக்கு மிச்சமிருந்தது. கையில் மோதிரம், கண் முன்னே அரக்கு. ஒரு பழைய கவரின் முதுகில் அதை ஊற்றி, மோதிரத்தை ஈரத்துணியில் ஒற்றி, அழுத்தி எடுத்தேன்.

ப. மு.

நல்ல தமிழில், மேடாக, விளிம்பு கூராக நின்றது. தாத்தாவின் அப்பா பெயருக்கு 'ப', தாத்தா பெயருக்கு 'மு'. புள்ளி இரண்டும்கூட விழுந்திருந்தன. மோதிரத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி வெட்டப்பட்டிருந்தன. 'ப' இடவலம் மாறினாலும் 'ப' தான், அதனால் அது மட்டும் நமக்குப் புரிந்தது. 'மு' திரும்பிக்கொண்டபோது நாங்கள் அதைக் கன்னடம் ஆக்கிவிட்டோம். ஆயா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அது தாத்தாவின் கையெழுத்துதான்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஆயா இருக்கும்போது பார்த்திருக்கலாமே" என்றார்.

புளி வியாபாரிக்கு முத்திரை மோதிரம் எதற்கு என்ற கேள்விக்கும் என் ஆபீஸிலேயே பதில் கிடைத்தது. தபாலில் ரூபாய் நோட்டு அனுப்ப வேண்டுமென்றால் இன்ஷூர் செய்துதான் அனுப்ப வேண்டும். அந்தக் கவரின் ஒட்டுகள் மேல் அரக்கு வைத்து, அனுப்புபவர் தன்னுடைய சொந்த முத்திரையைப் பதிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே முத்திரை. காசை வைத்து அழுத்தக் கூடாது. காசு எல்லார் மடியிலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிரித்துவிட்டு மறுபடி அதே மாதிரி அழுத்திவிடலாம் அல்லவா? பெங்களூர்க் கணக்கைத் தீர்க்கத் தாத்தா பணம் அனுப்பியது இன்ஷூர் கவரில்தான் என்று அம்மாவுக்கு நினைவு இருக்கிறது. அந்தப் பக்கம் கவரை வாங்குபவர் முதலில் பார்ப்பது அரக்கைத்தான். 'ப. மு.' முழுசாக இருந்தால் உள்ளே பணம் முழுசாக இருக்கிறது. தாத்தா விரலில் போட்டிருந்தது நகை மட்டும் இல்லை, வேலைக்கான கருவி.

அதற்குப் பிறகு இந்த மோதிரங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். எகிப்தில் வண்டு வடிவத்தில் செதுக்கிய கல்லை மோதிரத்தில் பதித்து, ஈரக் களிமண்ணில் அழுத்தியிருக்கிறார்கள். ரோமாபுரியில் அகஸ்டஸ் முதலில் சிங்க உடலும் பெண் முகமும் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவத்தையும், அப்புறம் அலெக்சாண்டரின் தலையையும், கடைசியில் தன் முகத்தையே முத்திரையாகவும் வைத்துக்கொண்டார். அதிகாரம் ஏற ஏற முத்திரை மாறியிருக்கிறது பாருங்கள். போப்பாண்டவர் அணியும் மீனவர் மோதிரம் அவர் காலத்தோடு முடிந்துவிடும். அவர் இறந்ததும் அதை உடைத்துவிடுவது வழக்கம், அவர் பெயரில் வேறு யாரும் ஓலை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக. 2013-ல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது மோதிரத்தின் முகப்பில் சிலுவை போலக் கீறிச் செல்லாமல் ஆக்கினார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? சீதைக்கு அனுமன் கொண்டுபோய்க் கொடுத்தது ராமன் பெயர் பொறித்த கணையாழி. முன்பின் தெரியாத ஒருவனை அசோகவனத்தில் எப்படி நம்புவது? மோதிரத்தைப் பார்த்துத்தான். சகுந்தலை ராஜாவின் மோதிரத்தைத் தண்ணீரில் தொலைத்துவிட்டதால், சாபத்தால் அவளை மறந்துபோன ராஜாவுக்குத் தான் யாரென்று காட்ட முடியாமல் போகிறது. மீன் வயிற்றிலிருந்து அது திரும்பி வரும்வரை கதை நகராது. சின்ன வயதில் இதையெல்லாம் காதல் கதையாகக் கேட்டேன். இப்போது தபால்காரியாகப் படித்தால், இரண்டுமே அடையாளச் சான்று பற்றிய கதைகளாகத் தெரிகின்றன.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் வெட்டிய பழைய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. ராஜா மோதிரம் என்றால் ஆச்சரியமில்லை. ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த ஊரில் பெயர் போட்ட மோதிரம் என்றதும் எனக்கு ஒரு வியாபாரியின் விரல்தான் கண்ணில் வருகிறது. தாத்தாவுக்கு இரண்டாயிரம் வருஷம் முந்திய பங்காளி ஒருவர்.

கல்லில் வெட்டுவதென்றால் சூதுபவளம்தான் உசத்தி. கெட்டியான கல், நுணுக்கமாகச் செதுக்கலாம், சூடான மெழுகு அதில் ஒட்டாமல் சுத்தமாகப் பிரிந்து வரும். ரோமானியர்கள் அதை விரும்பியதற்கு இது ஒரு பெரிய காரணம். முகலாயர் காலத்து முத்திரைகளில் மெழுகுக்கு வேலையில்லை. மையைத் தடவிக் காகிதத்தில் அழுத்துவார்கள், கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக விழும். பெயரோடு ஹிஜ்ரி வருஷத்தையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.

எங்கள் பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம், 1792 வரை திப்பு சுல்தானிடம் இருந்த சீமை. அவர் விரலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தங்க மோதிரம் 2014-ல் லண்டனில் ஏலம் போனது. 41.2 கிராம், அதாவது ஐந்து பவுனுக்கும் மேலே. அதில் தேவநாகரியில் 'ராம்' என்று எழுதியிருந்தது. 1,45,000 பவுண்டுக்கு விற்றது. அந்தச் செய்தியை ஆபீஸில் சத்தமாகப் படித்தேன். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அரக்கைப் பற்றி. ஐரோப்பாவில் ரொம்ப காலம் தேன்மெழுகில்தான் முத்திரை வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நம் பக்கத்து அரக்கு கப்பலில் போய்ச் சேர்ந்தது. மரக்கிளையில் பூச்சி கட்டும் பிசின். அதில் சிவப்பு கலந்து குச்சியாக்கினார்கள். தேன்மெழுகு பிசுபிசுவென்று வளையும். அரக்கு இறுகினால் உடையுமே தவிர வளையாது, பிரித்துப் பார்த்தவன் தப்பிக்க முடியாது. சீமைத் துரைமார்கள் குடும்பச் சின்னம் பொறித்த மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டு கடிதத்துக்குக் கடிதம் அழுத்தியது பெரும்பாலும் இந்த அரக்கில்தான். பதினைந்து வருஷம் கையில் அரக்கு வாசனையோடு வீட்டுக்குப் போனவளுக்கு இதைப் படிக்க எவ்வளவு சந்தோஷம்!

அந்த மாதிரி ஒரு இங்கிலீஷ் மோதிரத்தை பெங்களூரில் பழைய சாமான் விற்பவரிடம் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் குட்டியாக ஒரு நங்கூரம், பர்மிங்காம் நகரத்தில் சோதித்த தங்கம் என்பதற்கு அடையாளம். பக்கத்தில் 9 என்றும் .375 என்றும் இருந்தது. ஒன்பது காரட், நூற்றில் முப்பத்தேழரைப் பங்குதான் தங்கம். 22 காரட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெளிறித்தான் தெரிந்தது. ஆனால் எழுத்து நேற்று வெட்டியது போல இருந்தது. செம்பும் வெள்ளியும் அதிகம் சேர்ந்தால் தங்கம் கெட்டிப்படும், தேய்மானம் குறையும். நம் தங்கம் மிருதுவானது. அதனால்தான் தாத்தா மோதிரத்தில் அவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

ஆழத்தின் அருமை சின்னத் தாத்தா மோதிரத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பத்தர் ஒரே சமயத்தில் செய்தது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போடலாமென்று அதை ஒரு நகைக்கடையில் பாலிஷுக்குக் கொடுத்தான். மெஷினில் பிடித்துத் தேய்த்து, கண்ணாடி போல மின்ன வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு ஒரே பெருமை. நான் வீட்டுக்கு எடுத்துவந்து அரக்கில் அழுத்திப் பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பெல்லாம் மழுங்கி, 'ப' ஒரு பக்கம் கரைந்து, இரண்டாவது எழுத்து சோற்றுப் பருக்கை மாதிரி விழுந்தது. அறுபது வருஷம் விரலில் இருந்து தேயாதது பத்து நிமிஷத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போதும். அழுக்கு பள்ளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து இருக்க வேண்டும்.

மோதிரங்களைச் செய்த பத்தரின் மகனைக் காவேரிப்பட்டணத்திலேயே கண்டுபிடித்தேன். கடைவீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து, திண்ணை வைத்த வீடு. அவருக்கே எழுபது தாண்டிவிட்டது. தாத்தா மோதிரத்தைக் கையில் வாங்கியதும் எழுத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்து, முகப்பின் பின்பக்கத்தைத் தடவினார். "உள்ளே குழி இல்லை பாருங்க, கெட்டித் தகடு. அப்பா கை" என்றார்.

1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றானபோது அவருடைய அப்பா பட்டறையை மூடிவிட்டு கொஞ்ச காலம் புளி மண்டியில் எடை போடப் போனாராம். எங்கள் தாத்தாவின் மண்டிதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன் கையால் மோதிரம் செய்து கொடுத்தவருக்கே அந்த மோதிரம் போட்ட கை கூலி எண்ணிக் கொடுத்திருக்கிறது. அம்மாவுக்கும் இது தெரியாது. 14 காரட் விதி சில வருஷத்தில் தளர்ந்தாலும், 1968-ல் சட்டமாகவே வந்த தங்கக் கட்டுப்பாடு 1990-ல்தான் நீங்கியது. அதற்குள் எழுத்து வெட்டும் வேலையே ஊரில் நின்றுபோனது என்றார் பத்தர்.

எனக்கு ஒரு மோதிரம் செய்து தர முடியுமா என்று கேட்டேன். வெள்ளியில் போதும், என் இனிஷியலோடு என் பெயரின் முதல் எழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அழகுக்கா, அழுத்தறதுக்கா?"

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் அழகுக்குத்தான் கேட்கிறார்களாம். விரலில் பார்த்தால் படிக்கிற மாதிரி நேராக வெட்டச் சொல்வார்களாம். அதற்கு மெஷின் இருக்கிறது, தன்னிடம் வர வேண்டாம் என்று அனுப்பிவிடுவாராம்.

"அழுத்தறதுக்குத்தான்" என்றேன்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து என்னையே எழுதச் சொன்னார். பேனாவை அழுத்தி எழுதினேன். தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முதுகுப் பக்கம் தெரிந்த கோட்டின் மேலேயே பென்சிலால் நிதானமாக இழுத்தார். என் கையெழுத்து எனக்கே படிக்கத் தெரியாத ஒன்றாக மாறிக்கொண்டு வந்தது. மரக்குச்சியின் நுனியில் இருந்த அரக்கைச் சுடரில் காட்டி இளக்கி, ஒரு வெள்ளித் துண்டை அதில் பதித்து, ஆறும்வரை ஊதினார். அப்புறம் உளியை எடுத்தார்.

"ஆடி கழியட்டும், வந்து வாங்கிக்கங்க. வரும்போது கொஞ்சம் அரக்கு கொண்டு வாங்கம்மா. உங்க ஆபீஸ் அரக்கு நல்லாருக்கும்."

ஆபீஸில் இப்போது பைகளுக்கு பிளாஸ்டிக் சீல் வந்துவிட்டது. பழைய அலமாரியின் அடித்தட்டில், நான் எப்போதோ காகிதத்தில் சுருட்டி வைத்த இரண்டு குச்சி அரக்கு இருக்கிறது. தேடி எடுத்து வைத்துவிட்டேன்.