ஹேண்ட்புக்ல இருந்து காணாம போன வரிகள்

கலிஃபோர்னியால ஒரு கம்பெனி எச்ஆர்ல இருந்தப்போ எனக்கு பாதி நேரம் ஹேண்ட்புக், அதாவது ஊழியர்களுக்கு குடுக்குற விதிமுறை புத்தகம், அத திருத்துறதுலயே போயிடும். அங்க லேபர் கோட்ங்கற தொழிலாளர் சட்டத்துல 2922வது பிரிவு படி வேலைங்கறது அட்-வில், இத்தன நாளைக்குன்னு பேசி வைக்கலன்னா ரெண்டு பக்கமும் எப்ப வேணா முடிச்சுக்கலாம், காரணம் கூட சொல்ல வேணாம், பாகுபாடு, பழிவாங்கல்னு சட்டம் தடுத்ததா மட்டும் இருக்கக்கூடாது. ஆனா பேப்பர்ல எழுதலன்னாலும் கம்பெனி பேசுன பேச்சு, நடந்துக்கிட்ட விதம் இதுலயே ஒப்பந்தம் உருவாகலாம், அதத்தான் இம்ப்ளைட் கான்ட்ராக்ட்ங்கறாங்க.

சீஸ் கேண்டீஸ்ங்கற சாக்லேட் கம்பெனில பாத்திரம் கழுவ சேந்து வைஸ் பிரசிடென்ட் வரைக்கும் வந்த ப்யூங்கறவர 32 வருஷம் கழிச்சு காரணம் சொல்லாம அனுப்பிட்டாங்க. 1981ல அப்பீல் கோர்ட், இத்தன வருஷ சர்வீஸ், ப்ரமோஷன், மேல இருந்தவங்க குடுத்த நம்பிக்கை எல்லாத்தையும் ஜூரி பாக்கட்டும்னுச்சு. எல்லாரும் கதைய இதோட நிறுத்திடுவாங்க, கடைசில ஜெயிச்சது என்னவோ கம்பெனிதான்.

1988ல ஃபோலி கேஸ்ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே இம்ப்ளைட் கான்ட்ராக்ட ஏத்துக்கிச்சு, ஆனா மன உளைச்சலுக்கெல்லாம் நஷ்டஈடு கிடையாது. 2000ல குஸ் கேஸ்ல வெறும் நீண்ட சர்வீஸும் நல்ல அப்ரைசலும் மட்டும் பத்தாதுன்னுட்டாங்க.

இதுக்கெல்லாம் கம்பெனிங்க என்ன பண்ணுச்சுன்னா, வாக்கு குடுக்குறதையே நிறுத்திடுச்சு. நாங்க 'பர்மனென்ட்'ன்னு வந்த இடமெல்லாம் 'ரெகுலர்'னு மாத்துனோம், முதல்ல வாய்மொழி வார்னிங், அப்புறம் லெட்டர், அதுக்கப்புறம்தான் டெர்மினேஷன்னு இருந்த வரிசைக்கு மேல 'கம்பெனி விருப்பப்படி'ன்னு ஒரு வரி போட்டோம், வேலை அட்-வில்தான்னு எழுதின ஒரு பக்கத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குனோம். மேனேஜருங்க வாயத்தான் கட்ட முடியல, இன்டர்வியூலயே "ஒழுங்கா வேல பாத்தா இங்க யாரும் உங்கள அனுப்ப மாட்டாங்க"ன்னு தாராளமா சொல்லிடுவாங்க, சேர்றவங்களும் அத நம்பித்தான் சேருவாங்க.

அப்படி சேந்த ஒருத்தர திடீர்னு பெர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னு அனுப்புனாங்க. எல்லா வருஷ அப்ரைசல் காப்பியும் வச்சிருந்தார், எல்லாமே நல்லா இருந்துச்சு. வக்கீல் முதல்ல கேட்டது அந்த கையெழுத்து போட்ட பக்கத்ததான், அது இருக்கறப்போ கேஸ் ரொம்ப கஷ்டம்னு சொல்லவும் வேலைய விட்டு அனுப்பறப்போ குடுக்குற செவரன்ஸ் பணத்த வாங்கிட்டு போயிட்டார். அந்த மாதிரி பக்கம் ஒண்ணுல நீங்களும் கையெழுத்து போட்டிருப்பீங்க, சேந்த அன்னைக்கு ஐடி கார்டு ஃபார்மோட சேத்து நீட்டிருப்பாங்க.

அமெரிக்க மாநிலங்கள்ல மொன்டானா மட்டும்தான் வேற மாதிரி, 1987 சட்டப்படி ப்ரொபேஷன் முடிஞ்சுட்டா அனுப்ப நியாயமான காரணம் வேணும். அங்கயும் நஷ்டஈடா பொதுவா நாலு வருஷ சம்பளத்துக்கு மேல கிடைக்காது.