குவாரியில் ஒரு சாவு, ஷெட்டில் ஒரு சாவு

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் தொழில் இரண்டு இடங்களில் நடக்கிறது. மலையில் கல்லை அறுத்து எடுப்பது குவாரி. அந்தக் கல்லை ஸ்லாபாக அறுத்துப் பாலீஷ் போடுவது ஷெட். பல இடங்களில் இரண்டுக்கும் முதலாளி ஒருவரேதான். ஆளும் இந்த வாரம் மேலே, அடுத்த வாரம் கீழே என்று மாறி மாறிப் போவான். உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு இதில் வித்தியாசம் தெரியாது. செத்துப்போனால் எங்கே நின்றிருந்தான் என்பதுதான் குடும்பத்துக்கு வரப்போகும் பணத்தை முடிவு செய்கிறது. 2025 நவம்பர் 21-க்கு முந்தைய விபத்து என்றால் குவாரி 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும். ஷெட் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ். அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டம், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், தொழிற்சாலை என்பதற்குச் சொன்ன விளக்கத்திலேயே சுரங்கத்தை வெளியே நிறுத்திவிட்டது. அதனால் ஷெட்டில் நடந்த சாவுக்கு மாதாமாதம் பென்ஷன். குவாரியில் நடந்ததற்கு 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி ஒரே தொகை. பிணவறை வாசலில் குடும்பத்தின் காதில் விழுவது இந்த இரண்டுமில்லை. "பேசி முடிச்சுக்கலாம்" என்கிற மூன்றாவது சட்டம்தான் அங்கே ஓடும்.

சாவுகள் எப்படி நடக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நஷ்டஈட்டு வழக்கில் பாதி அதில்தான் இருக்கிறது.

கல்லறுக்கும் கயிற்று ரம்பமான ஒயர் சா வந்தபிறகு வெடி குறைந்தது, கல் வீணாவதும் குறைந்தது. ஆனால் புதிய ஆபத்து ஒன்று வந்தது. எஃகுக் கயிற்றில் மீட்டருக்குச் சுமார் 40 வைர மணிகள் கோத்திருக்கும். வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும்போது கயிறு அறுந்தால் மணிகள் தோட்டாவாகப் பறக்கும். பறப்பது பெரும்பாலும் கயிறு ஓடும் அதே தளத்தில்தான். அந்த நேர்க்கோட்டில் யார் நின்றாலும் ஆபத்து. அறுவதற்குக் காரணம் அநேகமாக ஜாயின்ட். கயிற்றின் இரு முனைகளையும் சேர்க்கும் சிலீவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தாமல் சுத்தியால் தட்டிச் சேர்த்திருப்பார்கள். அல்லது கயிற்றை இணைக்குமுன் மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு சுற்று முறுக்கிவிடாததால் மணி ஒரு பக்கமாகவே தேய்ந்து, வெட்டில் மாட்டியிருக்கும். கல்லின் கூர்முனையை மழுக்காமல் ஓட்டுவது, தண்ணீர் நின்றபிறகும் ஓட்டுவது, மாட்டிக்கொண்ட கயிற்றை மிஷினைப் பின்னால் இழுத்து விடுவிக்கப் பார்ப்பது என்று மற்ற காரணங்களும் உண்டு. தடுப்பு ஒன்றும் பெரிய செலவில்லை. பழைய கன்வேயர் பெல்ட்டைத் திரையாகத் தொங்கவிட்டு, கன்ட்ரோல் பேனலைக் கயிற்றின் கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்தாலே போதும். பேனல் கேபிள் நீளம் போதவில்லை என்பதற்காக ஆப்பரேட்டரை நேர்கோட்டில் நிறுத்தும் குவாரிகள் உண்டு. கேபிள் விலைக்கு ஓர் ஆள்.

அடுத்தது பெஞ்ச், அதாவது பாறையில் வெட்டி இறங்கும் படி. கெட்டிப் பாறையில் ஒரு பெஞ்சின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை. மேல்மண், கிராவல் என்றால் 45 டிகிரிக்குள் சரிவு வேண்டும், இல்லையேல் ஒன்றரை மீட்டர் படிகள். குழியின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ, தளர்ந்த கல்லோ, குப்பையோ இருக்கக்கூடாது. நடைமுறையில் நல்ல கல் அடியில் இருக்கும். படி விட்டால் கல் போய்விடும் என்று நேராகவே இறக்கிவிடுவார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் சுவருக்கு அடியில் ஜாக்ஹேமர் ஓட்டும்போது மேலே இருக்கும் லூஸ் கல் அதிர்வில் வரும். வெடி வைத்த மறுநாளும், ஐப்பசி மழைக்கு அடுத்த வெயிலிலும் இது அதிகம். கம்பியால் தட்டி லூஸ் இறக்கிய பிறகுதான் ஆளை உள்ளே விட வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு உற்பத்திக் கணக்கில் இடம் கிடைப்பதில்லை.

மூன்றாவது, பிளாக் தூக்குவது. கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் உள்ள பிளாக் 18 டன்னைத் தாண்டும். இரட்டைச் சிலிங் போட்டு, கயிறு படுக்கையிலிருந்து 30 டிகிரிக்குச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கயிறும் பாதி எடையைத் தாங்குவதில்லை. முழு 18 டன்னையும் தாங்குகிறது. 'ரெண்டு கயிறு போட்டிருக்கோம், ஆளுக்குப் பாதி' என்கிற மேஸ்திரிக் கணக்கு அங்கே பொய்த்துப்போகும்.

ஷெட்டில் கொல்வது பெரும்பாலும் ஸ்லாப். 20 மில்லிமீட்டர் கனத்தில் மூன்றுக்கு இரண்டு மீட்டர் ஸ்லாப் ஒன்று சுமார் 325 கிலோ. சாயும்போது கையால் பிடித்து நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது. ஆனாலும் எல்லோரும் பிடிக்கத்தான் பாய்கிறார்கள், அனிச்சையாக. லாரியில் ஸ்லாபை இருபுறமும் சாய்த்து அடுக்கும் ஏ-ஃபிரேமின் ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறக்கினால் எடை ஒருபுறம் சாய்ந்து, மறுபக்கத்துக் கட்டு மொத்தமாக வரும். ஒன்று இந்தப் பக்கம் இறக்கினால் அடுத்தது அந்தப் பக்கம். இரண்டு வரிசைக்கு நடுவே ஆள் நிற்கவே கூடாது. இதைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள், லோடு இறக்கும் கூலி ஆட்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்.

சாவு நடந்த முதல் நாள் உருவாகும் காகிதங்கள்தான் பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, அதில் முதன்மையானது. கூட்டி வந்தவர் சொன்னதை டாக்டர் எழுதுவார். கூட்டி வருவது கம்பெனி சூப்பர்வைசர் என்றால் 'பைக்கில் விழுந்தார்', 'வீட்டில் வழுக்கினார்' என்று போய்விடும். கூட வேலை செய்தவர் ஒருவர் கட்டாயம் வண்டியில் ஏற வேண்டும். எந்த இடம், எந்த மிஷின், என்ன வேலை என்ற மூன்றும் அங்கே பதிவாக வேண்டும். அடுத்தது எப்.ஐ.ஆர். 2024 ஜூலை முதல் சந்தேக மரணம் என்றால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194, கவனக்குறைவால் மரணம் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 106. புகாரில் 'கால் இடறி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் 194-ஓடு கோப்பு மூடப்படும். 'சேஃப்டி பெல்ட் கொடுக்கவில்லை, மிஷினின் பாதுகாப்பு மூடி கழற்றியிருந்தது' என்ற வரி சேர வேண்டும். நஷ்டஈட்டுக்கு முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் விபத்து வேலையில்தான் நடந்தது என்பதற்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைக்காது.

குவாரி என்றால் இன்னொன்றும் உண்டு. உயிர்ச்சேதம் நடந்த இடத்தைச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளர் வரும்வரை கலைக்கக்கூடாது. 72 மணி நேரத்துக்குள் அவர் வராவிட்டால்தான் வேலையைத் தொடரலாம் என்றது 1952-ஆம் ஆண்டு சட்டம். ஹிட்டாச்சி விட்டு அன்று இரவே இடத்தைச் சமப்படுத்துவது தனிக் குற்றம். உடன் வேலை செய்பவர் செல்போனில் எடுத்த நான்கு படங்கள், தேதியோடு, பிறகு லட்சங்களுக்குச் சமம்.

இப்போது கணக்கு. இழப்பீட்டுச் சட்டத்தில் மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 25 வயதுக்குக் காரணி 216.91, 35-க்கு 197.06, 45-க்கு 169.44. ஆக 35 வயதில், 15,000 அல்லது அதற்கு மேல் சம்பளம் வாங்கியவருக்கு 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய். இது விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடன். ஒரு மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை அபராதமும் போடலாம். பிணவறையில் பேசும் 'நாலு, அஞ்சு' லட்சத்தை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள்.

ஷெட்டில், இ.எஸ்.ஐ. உள்ளவர் என்றால் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். தினம் 600 என்றால் 540. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு. இரண்டு பிள்ளைகள் இருந்தால் கூட்டுத்தொகை 540-ஐத் தாண்டும் என்பதால் ஏழில் மூன்று, இரண்டு, இரண்டு என்று சுருக்கிப் பிரிப்பார்கள். மனைவிக்கு நாளுக்குச் சுமார் 231 ரூபாய், மறுமணம் வரை. எங்கள் மதிப்பில் சிறுவயதுக் குடும்பத்துக்கு இதுவே மேல். மொத்தத் தொகையைக் கரைக்கப் பங்காளிகள் காத்திருப்பார்கள், மாதப் பென்ஷனை யாரும் கரைக்க முடியாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. அன்று மாலை அவசரமாகப் பெயர் சேர்த்தார்கள் என்று இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கேள்வி கேட்கும். கேட்கட்டும், பாக்கியை முதலாளியிடம் வசூலிப்பது அவர்கள் வேலை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, இழப்பீட்டுப் பகுதி அதன் ஏழாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய விபத்துகளுக்குப் பழைய சட்டமே. சம்பளத்தில் பாதி, வயதுக் காரணி என்ற எலும்புக்கூடு மாறவில்லை. மனு எழுதுமுன் விபத்துத் தேதியைப் பார்த்துப் பிரிவு எண்களைப் போடச் சொல்லுங்கள். கீழே வரும் எண்கள் பழைய சட்டத்தினுடையவை.

பேசி முடிப்பது பற்றி. மரணத்துக்கான தொகையை ஆணையரிடம் டெபாசிட் செய்துதான் கொடுக்க வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. நேரடியாகக் கொடுத்தது கொடுத்ததாகவே கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணத்துக்கு மட்டும் விலக்கு. 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் வாங்கும் கையெழுத்தை 17-ஆம் பிரிவு செல்லாததாக்கிவிடுகிறது. ஆகவே கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிவிட்டோமே என்று சும்மா இருக்க வேண்டாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். வக்கீல் கிடைக்கும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. இழப்பீட்டு ஆணையருக்கு, அதாவது உங்கள் மாவட்டத்தைப் பார்க்கும் தொழிலாளர் துணை ஆணையருக்கோ இணை ஆணையருக்கோ, சாவைப் பற்றி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 10ஏ பிரிவின்படி அவர் முதலாளிக்கு நோட்டீஸ் விடலாம். அதற்கு 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100. முதலமைச்சர் நிவாரண நிதி வந்தால் அது வேறு, இது வேறு. ஒன்றை வாங்கியதால் இன்னொன்று போகாது.

முதலாளி வைக்கும் முதல் வாதம் 'எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டர் ஆளு'. 12-ஆம் பிரிவு அதற்குத்தான். யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அவரே பொறுப்பு, பிறகு கான்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும். இரண்டாவது, 'குடிச்சிருந்தான், ஹெல்மெட் போடல'. மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்த வாதம் எடுபடாது, சட்டமே மூடிவைத்திருக்கிறது. கையில் ரொக்கமாகக் கூலி வாங்கியவருக்குச் சம்பள ஆதாரம் இல்லை என்பார்கள். ஜிபே வரவு, மேஸ்திரியின் வாட்ஸ்அப் குரூப், மளிகைக்கடைக் கடன் நோட்டு எல்லாம் ஆதாரம்தான். ஒன்றுமே இல்லாவிட்டால் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையைக் காட்டலாம்.

டிப்பர் ரிவர்ஸ் வந்து ஏறியது போன்ற சாவு என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆணையரிடமும் போகலாம், ஆனால் ஏதாவது ஒன்றுதான். தீர்ப்பாயத்தில் 15,000 என்ற உச்சவரம்பு இல்லை. 22,000 சம்பாதித்த இளைஞனுக்கு அங்கே கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு.

எங்கே மனு போடுவது என்பதும் நம் மாவட்டங்களுக்கு முக்கியம். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் இறந்தவர்களில் பலர் தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டையிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள். விபத்து நடந்தது கர்நாடகத்தில். அப்படிப்பட்ட குடும்பம் பெங்களூருக்கு அலையத் தேவையில்லை. 21-ஆம் பிரிவின்படி குடும்பம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே போடலாம். பர்கூர் குவாரியில் இறந்த ஒடிசாக்காரரின் மனைவியும் அப்படியே தன் மாவட்டத்தில் போடலாம்.

சாகாமல் கை போனவர்கள் கதை ஓசூர் பிரஸ் ஷாப்புகளில் அதிகம். கீ கிளட்ச் வைத்த பழைய பவர் பிரஸ்ஸில் தகட்டை அழுத்தும் ரேம் இறங்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிற்காது. அதில் சென்சார் மாட்டிவிட்டு 'சேஃப்டி இருக்கு' என்பது வெறும் ஆடிட் கண்துடைப்பு. அங்கே வேலி ஒன்றுதான் தடுப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி 14 சதவீதம், கட்டைவிரல் 30, ஒரு கையின் நான்கு விரல்கள் 50. ஊனத்துக்குச் சம்பளத்தில் பாதிக்குப் பதில் 60 சதவீதம் என்பதால், 15,000 சம்பளத்தில் இ.எஸ்.ஐ. இல்லாத 25 வயது ஆளுக்கு ஆள்காட்டி விரல் என்றால் 9,000 × 216.91-இல் 14 சதவீதம், சுமார் 2,73,300 ரூபாய். ஆனால் அட்டவணை என்பது அடித்தளம்தான். 1976-இல் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில், அவரால் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அட்டவணையில் இல்லாத காயங்களுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். ஊனச் சான்றிதழ் வாங்கும்போது சதவீதத்தோடு மட்டும் திரும்பிவிடாதீர்கள். பிடிமானம் எவ்வளவு இருக்கிறது, பிரஸ் ஆப்பரேட்டர் வேலையை இனிச் செய்ய முடியுமா என்ற இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த டாக்டரையே சாட்சியாக அழைக்க ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.